சாமான் அறை வாசல்

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் இவரும் பாப்பாவும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் எப்படி இருக்கிறது?

அம்மா இறந்தபோது பார்த்ததற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை போனில் கூப்பிட்டேன். நான் என்ன சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்றீர்கள். ஒரு வார்த்தையும் உங்கள் காதில் விழவில்லை என்று பிறகுதான் புரிந்தது. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மா எது வந்தாலும் படித்துக் காட்டுவார் என்று சொன்னீர்களே, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் நீச்சல் கோச் மேல் ஒரு பெண் புகார் கொடுத்திருக்கிறாள். இப்போது அங்கே நீந்துகிற பெண், பள்ளிக்கூடம் போகிற வயது. சாமான் அறைக்குள் கூப்பிட்டுத் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். நீச்சல் சங்கம் தானே ஒரு கமிட்டி போட்டு விசாரிக்கிறதாம். பழைய பணியாளர்களையும் கூப்பிடப் போகிறார்களாம். உங்களையும் கூப்பிடுவார்கள்.

நீச்சல் குளத்தில் முடி நரைக்கும்வரை வேலை பார்த்தவர் நீங்கள். உங்களுக்கு எதுவும் மறக்காது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். ஞாபகம் இருப்பதை எல்லாம் சொல்லுங்கள் மாமா. அதைத்தான் கேட்கிறேன், வேறு ஒன்றும் இல்லை.

பாப்பாவுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. நீச்சல் கற்றுக்கொள்ளவேண்டும் என்று தினமும் நச்சரிக்கிறாள். நான் இன்னும் சேர்க்கவில்லை.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
உங்கள் தங்கை மகள்


ஜனவரி 21

என் தவளைக்குட்டிக்கு மாமா சொல்லி எழுதுவது.

இங்கே நான் இருக்கிறேன், மூட்டு மட்டும் இல்லை. மற்றபடி சௌக்கியம். நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் நன்றாக இருக்கவேண்டும்.

உன் கடிதத்தை ஜெராக்ஸ் கடை அம்மா இரண்டு தடவை படித்தார்கள். முதல் தடவை உன் கையெழுத்தைப் பார்த்து, "எவ்வளவு அழகா எழுதுது பொண்ணு!" என்று பாதி நேரம் போய்விட்டது. இதை எழுதுவதும் அவர்கள்தான். நான் சொல்வதை அப்படியே போட்டால் கடிதம் மாதிரி இருக்காதாம். இழுத்துக் கட்டி எழுதுகிறார்கள். நடுவில் யாராவது நகல் எடுக்க வந்தால் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மிஷின் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். எனக்கு இடம் தவறாது.

தவறினால் நான் குளத்தில் வேலை பார்த்திருக்க முடியுமா? எனக்கு எழுத்து தெரியாது. வருகைப் பதிவேட்டில் யார் பெயர் எங்கே என்று தெரியாது. ஆனால் தரையில் ஈரக் காலடியைப் பார்த்தே யார் வந்தது, யார் போனது என்று சொல்வேன். ஒருத்தனுக்குச் சுண்டுவிரல் தரையில் படாது. ஒருத்திக்குக் குதிகால் அகலம். உனக்கு நடுப்பாதம் பதியவே பதியாது, முன்னால் ஒரு வட்டம், பின்னால் ஒரு வட்டம், இரண்டு தனித்தனி ஆள் நடந்த மாதிரி இருக்கும். உன் அம்மாவுக்கும் அப்படித்தான்.

உன் கையைப் பிடித்து முதல்முதலாகக் குளத்துக்குக் கூட்டிப்போனது நான்தானே. தண்ணீரைப் பார்த்ததும் கவுனோடு குதித்தாய். கோச் சிரித்துவிட்டார். "இது யாரு உங்க வீட்டுத் தவளையா?" என்றார். அந்தப் பெயர்தான் நிலைத்தது. மாநிலப் போட்டி வரை போனாய். பிறகு ஒருநாள் இனி வரமாட்டேன் என்று நின்றுவிட்டாய். நான்கூட உன்னைச் சோம்பேறி என்று திட்டினேன். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

கமிட்டி விஷயமாகச் சங்கத்துச் செயலாளரே நேற்று வீட்டுக்கு வந்தார். மாடிப்படி ஏறி வந்து, ஒரு பை ஆப்பிளை வைத்துவிட்டு, "பெரியவரே, உங்களைக் கார்ல கூட்டிட்டுப் போய்க் கார்ல கொண்டுவந்து விடறேன்" என்றார். வேலை பார்த்த காலத்தில் என்னைக் காரைத் துடைக்கக்கூட விட்டதில்லை, கீறிவிடுவேனாம்.

போய்விட்டு வந்து எழுதுகிறேன். குழந்தையை நீச்சலில் சேர்த்துவிடு. நம் வீட்டுக் காலுக்குத் தண்ணீர் ஒத்துவரும்.

என் ஆசீர்வாதம்.
மாமா


பிப்ரவரி 15

தவளைக்குட்டிக்கு மாமா எழுதுவது.

உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உன்னை உட்கார விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

கமிட்டிக்குப் போய்வந்தேன். சங்கத்து அலுவலகத்தில், கோப்பைகளெல்லாம் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தக் கூடத்தில்தான் வைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ஒருவர் சங்கத் துணைத் தலைவர், ஒருவர் சங்கத்து வக்கீல். மூன்றாவது ஓர் அம்மா, புதியவர், எனக்குத் தெரியாது. ஓரத்தில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். விசாரிக்கிறவர்களோடு அவர் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் நாற்காலி அவருடையது, கூடம் அவருடையது, எனக்கு டீ கொடுத்ததும் அவர்தான். நான் என்ன சொல்ல?

வக்கீல் கேட்டார், "பெரியவரே, அந்தச் சாமான் அறைக்குள்ள கோச் யார்கிட்டயாவது தப்பா நடந்ததை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

"பாக்கலைங்க," என்றேன்.

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூடப் பாக்கலைங்க."

"அவ்வளவுதான். நன்றி."

எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. இவ்வளவுக்கா கார்? அந்தப் புது அம்மா மட்டும் ஏதோ கேட்க வாயெடுத்தார். துணைத் தலைவர், "வயசானவர், களைச்சுப் போயிருப்பார்" என்று முடித்துவிட்டார். எனக்கு ஒரு களைப்பும் இல்லை. இன்னொரு டீகூடக் குடித்திருப்பேன்.

நான் பொய் சொல்லவில்லை அம்மா. கண்ணால் பார்த்தாயா என்றால் பார்க்கவில்லை. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். இதை உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை.

திரும்பும்போது கார் வரவில்லை. பஸ்ஸில் வந்தேன்.

பதில் போடு.
மாமா


ஏப்ரல் 2

மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தாமதத்துக்கு வேலை காரணம் இல்லை.

கமிட்டியின் முடிவு வந்துவிட்டது. புகார் நிரூபிக்கப்படவில்லையாம். கோச் வழக்கம்போல் வேலைக்கு வரலாம். புகார் கொடுத்த பெண்ணைச் சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாகச் சொல்லி ஒரு வருஷம் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். அவள் அப்பா போன வாரம் என்னிடம் பேசினார். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவதில்லையாம்.

முடிவுக்கு அவர்கள் சொல்லும் முதல் காரணம் நீங்கள். "நீண்ட காலம் குளத்தை அன்றாடம் பராமரித்த, எந்தப் பக்கமும் சாராத மூத்த பணியாளர், அப்படி எதையும் தாம் ஒருமுறைகூடக் கண்டதில்லை என்று உறுதியாகக் கூறினார்." இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. கமிட்டி கேட்காத கேள்வி. சாமான் அறைக்குள் போவதற்கு முன்னால், வாசலில் நின்று, நீங்கள் ஏன் இருமுவீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்


ஏப்ரல் 18

தவளைக்குட்டிக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

நலமாக இருக்கிறேன். வெயில்தான் மொட்டை மாடியிலிருந்து நேராக மண்டைக்குள் இறங்குகிறது. கடையில் மிஷின் சூடாகிப் பேப்பரை மென்று துப்புகிறது. பழுது பார்க்க வந்த பையன், "அம்மா, இதுக்கு வயசாச்சு" என்றான். அந்த அம்மா என்னைக் காட்டி, "இவருக்கும்தான் வயசாச்சு, இவர் ஓடலையா?" என்றார்கள். சிரித்தோம்.

இருமல் விசாரித்திருந்தாய். அது பிளீச்சிங் பவுடர் இருமல். மூட்டையைப் பிரிக்கும்போது ஒரு புகை கிளம்பும், நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குளத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் உண்டு. பம்ப் அறைக்காரனுக்கு என்னைவிட அதிகம். அவன் தூக்கத்தில்கூட இருமுவான். இப்போது எனக்குப் பரவாயில்லை. மருந்துக்கடைக்காரர் ஒரு சிரப் கொடுத்தார், இனிப்பாக இருந்தது.

அந்தப் பெண்ணை விலக்கி வைத்தது தப்பு. நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

வேறு விசேஷம் இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.
மாமா

(தங்கச்சி, இது ஜெராக்ஸ் கடை அம்மா எழுதுவது. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அதனால் படித்துக் காட்டமாட்டேன். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய்விட்டார். நான்கு நாள் கடைப்பக்கமே வரவில்லை. படி இறங்கும் சத்தம் கேட்கும், பாதியில் நின்று திரும்பிவிடும். இந்தக் கடிதத்தைச் சொல்லும்போது ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு எதுவும் தெரியாது. சொல்லவேண்டும் என்று தோன்றியது.)


மே 30

அம்மாடி,

நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரிந்துதான் இதைச் சொல்லி எழுதுகிறேன். சௌக்கியம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

முதலில் இந்த அம்மாவிடம் சொன்னேன், "நான் சொல்லப்போறதைக் கேட்டா நாளையிலிருந்து உங்க கடைப் பெஞ்சுல என்னை உக்கார விடமாட்டீங்க." அவர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "அது நாளைக்கு. இப்ப சொல்லுங்க" என்றார்கள். ஒரு பெண்பிள்ளையிடம் இதைச் சொல்லக் கூச்சம் என்றுதான் இவ்வளவு நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கூச்சம் இல்லை அது.

நீ குளத்துக்கு வருவதற்கு முந்தின வருஷம். குளத்துத் தரை ஓடுகளைப் பெயர்த்து நீலமாக மாற்றிய வருஷம். ஒரு தையல்காரம்மா இதே செயலாளரைப் பார்க்க வந்தார். தோளில் அளவு நாடா தொங்கியபடியே வந்துவிட்டார், கழற்றி வைக்கக்கூடத் தோன்றவில்லை போல. நான் டீ கொண்டுபோனேன். அவர் அழவில்லை. குரலை இறக்கி ஒரே சீராகப் பேசினார். "என் மக இனி வரமாட்டா. அவ வராதது இருக்கட்டும். மத்த பிள்ளைங்க இருக்காங்க. அந்த ஆளை வெளியே அனுப்புங்க. சாமான் ரூமைப் பூட்டுங்க." செயலாளர், "நான் பாத்துக்கறேன்மா, நீங்க கவலைப்படாமப் போங்க, வெளியே மட்டும் பேசிடாதீங்க, பொண்ணு பேரு கெட்டுடும்" என்றார். அந்த அம்மா டீயைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் செயலாளர் நான் தொட்டி கழுவுகிற இடத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்ததே இல்லை, செருப்பு நனைந்துவிடும். தோளில் கை வைத்தார். "சாமான் ரூமுக்குள்ள நீ திடீர் திடீர்னு போற. கோச் பிள்ளைங்களோட தனியாப் பேசிட்டிருப்பார், தொந்தரவா இருக்கும். உனக்குத்தான் நல்ல இருமல் இருக்கே, வாசல்ல நின்னு ஒரு தடவை இருமிட்டு, கொஞ்சம் பொறுத்து உள்ள போ. உனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது."

நான் தலையாட்டினேன்.

முதல் நாள் அந்த அம்மா பேசியது என் காதில் இருந்தது. மறுநாள் இவர் சொன்னதும் என் காதில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு படிப்பும் தேவையில்லை. நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அறையைப் பூட்டச் சொன்னார் அந்த அம்மா. பூட்டவில்லை. அதற்குப் பதிலாக என்னை இருமச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து இருமினேன். மிதவைப் பலகை எடுக்கப் போனாலும் இருமினேன், கயிறு சுற்றப் போனாலும் இருமினேன். இருமல் வராத நாளில் வரவழைத்தேன். என்னை நானே என்ன சொல்லித் தேற்றிக்கொண்டேன் தெரியுமா? நான் இருமினால் உள்ளே நடப்பது நின்றுவிடுமே, அது ஒரு உபகாரம்தானே என்று. உபகாரம் அந்த ஆளுக்கு. சட்டையைச் சரிசெய்துகொள்ள, கதவைத் திறந்து வைக்க, கையில் ஒரு விசிலை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்தேன். யாரும் எதையும் பார்க்காமல் இருந்ததற்கு நான்தான் காவல்.

கமிட்டியில் பார்க்கவில்லை என்றேன். நிஜம்தான். பார்க்காமல் இருப்பதற்கு அத்தனை வருஷம் உழைத்திருக்கிறேன்.

என்ன செய்யவேண்டும் என்று சொல். செய்கிறேன்.
மாமா


ஜூன் 16

மாமாவுக்கு,

இதைப் படித்துக்காட்டும் அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். நடுவில் நிறுத்தாமல் படித்துவிடுங்கள். நிறுத்தினால் அவர் எழுந்து போய்விடுவார்.

மாமா, எனக்கு அந்த இருமல் உள்ளேயிருந்து தெரியும்.

முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மாமா வந்துவிட்டார். இனி ஒன்றும் ஆகாது. கதவு திறந்தது. நீங்கள் உள்ளே வந்து ஒரு பலகையை எடுத்துக்கொண்டு போனீர்கள். என்னைப் பார்க்கவில்லை. மூலையில் நான் நின்றது தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவையும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு அடுத்த தடவை நினைக்கவில்லை. அப்புறம் அந்தச் சத்தம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அது கேட்டால், இன்றைக்கு முடிந்தது, நாளைக்கு மறுபடியும் என்று அர்த்தம்.

அம்மாவிடம் சொல்லாமலேயே அம்மாவை அனுப்பிவிட்டேன். அண்ணன் கூட இருக்கிறார், பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்று ஊரெல்லாம் சொன்னவள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. இவருக்கு மட்டும் கல்யாணத்துக்கு முன்பே சொன்னேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் உங்கள் இருமலைக் கேட்டேன். நீங்களாகச் சொல்வீர்களா என்று பார்த்தேன். அந்தப் பெண்ணின் வாழ்க்கை போன பிறகுதான் சொன்னீர்கள்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். அவள் அப்பாவும் நானும் முன்பு அங்கே நீந்திய இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து அரசாங்கத்துக்கு எழுதினோம். சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், ஓய்வுபெற்ற பெண் நீதிபதி, விசாரிக்கப் போகிறார். அவர் முதலில் கேட்கப்போவது கோச் என்ன செய்தார் என்பதை மட்டும் அல்ல. சங்கத்துக்கு எப்போது தெரியும், தெரிந்தபின் என்ன செய்தார்கள் என்பதை. அந்தத் தையல்காரம்மா இறந்துவிட்டார். அவர் வந்துபோனதைச் சொல்ல இனி உங்களையும் செயலாளரையும் விட்டால் ஆள் இல்லை. செயலாளர் சொல்லமாட்டார்.

என்ன செய்யவேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதையும் நானே சொல்லவேண்டுமா?

ஒன்றை மட்டும் எனக்கு எழுதுங்கள். உள்ளே இருந்தது நான் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

தங்கை மகள்


ஆகஸ்ட் 3

அம்மாடி,

நீ கேட்டதற்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். முதலில் சொன்னால் மீதியைச் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

உன் கடிதத்தை அந்த அம்மா நிறுத்தாமல் படித்தார்கள். நடுவில் ஒருவர் வந்து ஷட்டரைத் தட்டினார். "கடை இல்லை, போங்க!" என்று கத்திவிட்டுத் தொடர்ந்து படித்தார்கள். முடித்ததும் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் அவர்களே வந்து, "நீதிபதிக்கு எழுதிப் போடணும்ல, வாங்க" என்றார்கள்.

விசாரணைக்குப் பஸ்ஸில் போனேன். அவர்களும் கடையைச் சாத்திவிட்டுக் கூட வந்தார்கள். ஏதோ ஓர் அரசாங்கக் கட்டடத்து அறை. சுவரில் ஒரு கடிகாரம், ஓடவில்லை. அந்த நீதிபதி அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "அவசரப்படாதீங்க, நடந்ததை நடந்தபடி சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். தையல்காரம்மா பேசியதை, செயலாளர் தொட்டிக்கு வந்து சொன்னதை, நான் தலையாட்டியதை, கமிட்டிக்குக் காரில் போனதை.

சங்கத்து வக்கீல் எழுந்தார். முன்பு களைப்பு பற்றிக் கவலைப்பட்ட கூட்டத்து ஆள்தான். இப்போது களைப்பு கிடையாது.

"அப்ப நீங்க கமிட்டியில சொன்னது பொய்யா?"

"இல்லைங்க. பாத்தியான்னு கேட்டீங்க, பாக்கலைன்னேன்."

"இத்தனை வருஷமா உங்களுக்குத் தெரியும்னு இப்ப சொல்றீங்க. தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலை. எச்சரிக்கை குடுத்து அவரைத் தப்பவும் விட்டீங்க. அப்ப நீங்களே உடந்தைதானே?"

நம் தரப்பு வக்கீல் பெண் ஏதோ தடுக்க எழுந்தாள். நான் முந்திக்கொண்டேன். "ஆமாங்க. உடந்தைதான். எழுதிக்கோங்க."

அந்த ஆளுக்கு அடுத்த கேள்வி மறந்துவிட்டது போல. காகிதத்தைப் புரட்டினார். நான் நீதிபதி அம்மாவைப் பார்த்துச் சொன்னேன், "என் பேரைப் போடுங்கம்மா. ஆனா என் பேரை மட்டும் போட்டு முடிச்சிடாதீங்க. இருமச் சொன்னவர் பேரைப் போட்டு அதுக்குக் கீழ என் பேரைப் போடுங்க." அவர்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பாராட்டு ஒன்றும் இல்லை. இருக்கவும் கூடாது.

வெளியே வராந்தாவில் செயலாளர் நின்றார். "உனக்கு வேலை போட்டுக் குடுத்தது யாரு? படிக்காத ஆள்னு யாரும் எடுக்காதப்ப எடுத்தேனே, அதுக்கு இதுவா?" என்றார். அவர் சொன்னதும் நிஜம்தான். ஜெராக்ஸ் கடை அம்மாதான் திரும்பிப் பார்த்து, "எதுக்கு எடுத்தீங்கன்னுதான் உள்ள சொல்லிட்டு வந்திருக்கார்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இனி நீ கேட்டது.

நீதிபதி அம்மாவும் அதைக் கேட்டார்கள். "உள்ளே எந்தப் பிள்ளை இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று. அங்கே சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்.

குளத்திலிருந்து ஏறிப் போகிற பிள்ளையின் கால் தரையில் பதியும். சாமான் அறை வாசல் வரை ஈரம் போகும். முன்னால் ஒரு வட்டம், பின்னால் ஒரு வட்டம். நடுவில் ஒன்றும் இருக்காது. அது வாசலில் முடிந்திருக்கும். நான் அங்கே நின்று, அதைப் பார்த்துவிட்டு, இருமிவிட்டு, கையில் இருந்த துடைப்பத்தால் அதைத் துடைத்துவிடுவேன். வழுக்கும் என்று துடைத்தேன். துடைக்க வேண்டியது என் வேலை.

தெரியும் அம்மா. ஒவ்வொரு தடவையும் தெரியும்.

மாமா


நவம்பர் 20

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், பல தடவை. திட்டி எழுதியதையும் கிழித்தேன், பரவாயில்லை என்று எழுதியதையும் கிழித்தேன். இரண்டும் சரியாக வரவில்லை.

நீதிபதியின் அறிக்கை வெளிவந்துவிட்டது. முதல் புகார் வந்த அன்றே சங்கத்துக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறார். கோச்சை நீக்காமல், அவர் பிடிபடாமல் இருக்க ஏற்பாடு செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார். சங்கம் தன் ஆளைத் தானே விசாரித்துக்கொண்டது விசாரணையே அல்ல என்றும் எழுதியிருக்கிறார். நிர்வாகக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். கோச் மேலும் செயலாளர் மேலும் வழக்கு. அந்தப் பெண்ணின் தடையை நீக்கிவிட்டார்கள். அவள் திரும்பிப் போவாளா என்று அவளுக்கே தெரியவில்லையாம். சங்கம் மேல்முறையீடு போகும் என்கிறார்கள். போகட்டும்.

உங்களைப் பற்றியும் இருக்கிறது. "அறிந்தே துணைபோன பணியாளர்" என்று இருக்கிறது. செயலாளர் பெயருக்குக் கீழேதான்.

நான் உங்களை மன்னித்துவிட்டேனா என்று இவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். உங்கள் மேல் கோபம் வரும்போது, அந்த வக்கீலிடம் "எழுதிக்கோங்க" என்று சொன்னது ஞாபகம் வருகிறது. மனசு இளகும்போது துடைப்பம் ஞாபகம் வருகிறது. இப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வயசுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு. அவளை நீச்சலில் சேர்க்கப் போகிறேன், அதற்கு முன்னால் அவளுக்குத் தெரியவேண்டும் என்று. என்ன நடந்தாலும் என்னிடம் வந்து சொல்லவேண்டும், யார் வேண்டாம் என்றாலும் சொல்லவேண்டும் என்றேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். மறைக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தத் தாத்தா ஏம்மா சும்மா கதவைத் திறக்கலை?" என்றாள்.

எனக்குத் தெரியாது, அவர் வந்தால் அவரிடமே கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கை மகள்


டிசம்பர் 1

அம்மாடி,

உன் கடிதம் கிடைத்தது. வருகிறேன்.

குழந்தைக்கு என்ன பதில் சொல்வது என்று இந்த அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன். "ம்" என்றார்கள். பெரிய மனுஷர்கள் சொன்னார்கள் என்றேன். அதற்கும் "ம்" தான். உள்ளே என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் நான் ஏதாவது செய்தாகவேண்டுமே, அதனால்தான் திறக்கவில்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். "இதை எழுத வேண்டாம். அங்க போய், அது முகத்தைப் பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். நான்தான் எழுதச் சொன்னேன். நான் வருவதற்கு முன்னால் நீ ஒரு தடவை படித்துவிடு. குழந்தையிடம் சொல்லக்கூடாது என்று உனக்குத் தோன்றினால் ஒரு வரி போடு, வரமாட்டேன்.

இரண்டு வாரத்துக்குள் உன் வரி வராவிட்டால் அடுத்து வரும் சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிய வந்து சேரும். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், முகவரி என் சட்டைப்பையில் இருக்கிறது, யாரிடமாவது காட்டிக் கேட்டுக்கொள்வேன்.

நான் வந்துவிட்டேன் என்று குழந்தையை எழுப்பாதே. அது தானாக எழுந்து வரட்டும். அதுவரை உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா